மாவுக்கட்டுக்குள் தசை என்ன ஆகிறது: ஒரு விலங்கியல் ஆசிரியையின் அனுபவம்

மாவுக்கட்டு பிரித்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என் இடது தொடை சூம்பிப் போனதைப் பற்றித்தான் பேசினார்கள். வலது தொடையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது வேறு யாருடைய காலோ என்று தோன்றியது உண்மைதான். ஆனால் என்னைக் கலக்கியது அந்த இளைப்பு அல்ல. தொடையை இறுக்க வேண்டும் என்று நினைத்தேன், தொடை இறுகவில்லை. வலி இல்லை, மரத்துப் போகவும் இல்லை, தொட்டால் உணர்வு தெரிந்தது. உத்தரவு மட்டும் போய்ச் சேரவில்லை.

கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். பதினொன்றாம் வகுப்பில் இடப்பெயர்ச்சியும் இயக்கமும் பற்றிய பாடத்தில் தசைச் சுருக்கம் வரும். ஆக்டின், மயோசின், கால்சியம் அயனி, அசிட்டைல்கோலைன் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை பழகிய பாடம். ஆரோக்கியமான தசை எப்படிச் சுருங்குகிறது என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. வேலையில்லாமல் கிடந்த தசை எப்படிச் சுருங்கும் என்பதை என் கால் எனக்குக் காட்டியது. தசை மெலிகிறது என்பதோடு விஷயம் நிற்பதில்லை, அது சுருங்கும் விதமே மாறிவிடுகிறது. இதை முன்பே விளங்கிக்கொண்டவர்கள் கட்டோடு இருக்கும் வாரங்களை வேறு விதமாகக் கழிக்க முடியும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

விபத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐப்பசி மழையில் நடைபாதையில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கீழ்க்காலின் பெரிய எலும்பின் மேல்முனையில் விரிசல். எலும்பு இடம் விலகவில்லை, அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார்கள். தொடையின் மேல்பகுதியிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றக் கூடாது, நன்றாக ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எதற்கு ஓய்வு, எதற்கு வேலை என்று அந்த மருத்துவச் சீட்டில் ஒரு வரி இல்லை. இந்தக் குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஓய்வு தேவைப்பட்டது உடைந்த எலும்புக்கு. அதே கட்டுக்குள் அடைபட்ட தொடைத் தசைக்கும், கட்டே இல்லாத வலது காலுக்கும், இரண்டு கைகளுக்கும் சேர்த்து அந்த ஒற்றைச் சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலும் அது அப்படியே கடைப்பிடிக்கப்பட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த சித்தி, நான் கட்டிலில் புரண்டு படுத்தாலே பதறுவார். அவர் அன்பில் ஒரு குறையும் இல்லை.

கட்டுக்குள் நடந்ததைப் புரிந்துகொள்ள, தசை சுருங்குவது எப்படி என்று ஒருமுறை பார்த்துவிடலாம். 1954-ஆம் ஆண்டு ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்க்கும் எழுதியது, மற்றது ஹக் ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் இல்லை. இரண்டு குழுவினரும் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்: தசை சுருங்கும்போது அதற்குள் இருக்கும் இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சறுக்குகின்றன. தடித்த மயோசின் இழையிலிருந்து நீளும் தலைகள், மெல்லிய ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றி இழுக்கின்றன. விடுவதற்குத்தான் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை.

பாடலீஸ்வரர் கோயிலின் வைகாசித் தேரை வடம் பிடித்து இழுப்பதை வகுப்பில் உதாரணமாகச் சொல்வேன். எத்தனை கைகள் வடத்தில் இருக்கின்றன என்பது ஒரு கணக்கு. முன்னால் நின்று குரல் கொடுப்பவரின் சத்தம் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கிறதா என்பது இன்னொரு கணக்கு. கைகள் பாதியாகக் குறைந்தாலும் தேர் நகராது, கைகள் இருந்தும் குரல் எட்டாவிட்டாலும் நகராது. தசையில் கைகள் என்பவை மயோசின் தலைகள். குரல் என்பது மூளையில் கிளம்பி, தண்டுவடம் வழியாக இயக்க நரம்பில் இறங்கி, நரம்பு முனை சுரக்கும் அசிட்டைல்கோலைன் என்ற வேதிப்பொருளாகத் தசை இழையைத் தட்டி, உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடும் தொடர். அசையாமல் கிடக்கும் காலில் கைகள், குரல் இரண்டுமே குறைகின்றன. முதலில் குறைவது குரல்தான்.

நம் உடலில் தசைப் புரதம் ஒவ்வொரு நாளும் கட்டப்படுகிறது, ஒவ்வொரு நாளும் சிதைக்கப்படுகிறது. தசைக்குச் சுமை இருக்கும்வரை இரண்டும் சரிக்குச் சரி. சுமை போனால் சில நாட்களிலேயே கட்டும் வேகம் குறைகிறது, சிதைக்கும் ஏற்பாடு வேகம் பிடிக்கிறது. இந்தச் சிதைவில் பங்கு வகிக்கும் அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற இரண்டு மரபணுக்களை 2001-இல் அடையாளம் கண்டார்கள். ஆக, தசை தானாகத் தேய்வதில்லை. பயன்படாததை உடலே பிரித்துப் போடுகிறது. ஆறுதலான செய்தி ஒன்றும் இதில் உண்டு. தசை இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஒவ்வோர் இழையும் மெலிகிறது, அவ்வளவுதான். மெலிந்ததை மறுபடி தடிமனாக்க முடியும்.

எல்லாத் தசையும் ஒரே அளவில் மெலிவதும் இல்லை. நாம் நிற்கும்போது புவியீர்ப்புக்கு எதிராக நம்மைத் தாங்கிப் பிடிப்பவை முன்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும். நாள் முழுக்க வேலை பார்த்துப் பழகிய இவைதான் வேலை நின்றதும் முதலில் அடிபடுகின்றன. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் தினமும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடற்பயிற்சிக்கு ஒதுக்குவது இதனால்தான். அவர்களுக்கு எலும்பும் முறியவில்லை, காய்ச்சலும் இல்லை. காலின் மேல் எடை இல்லை என்பது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

கட்டு பிரித்த பின் மஞ்சக்குப்பத்தில் இயன்முறை சிகிச்சை தரும் ஒரு பெண்ணிடம் போனேன். என் மகள் வயது இருக்கும். மேசையில் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். முதலில் நல்ல காலில் செய்து காட்டச் சொன்னார். துண்டைக் கீழே அழுத்தினேன். முன்தொடை கல்லாக இறுகியது, முழங்கால் சில்லு தொடைப் பக்கமாக ஒரு விரற்கடை ஏறியது.

“இப்போது இடது காலில் செய்யுங்கள், டீச்சர். சில்லு மட்டும் ஏறினால் போதும்.”

அழுத்தினேன். பிட்டம் இறுகியது. கால் விரல்கள் மடங்கின. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், மூச்சையும் பிடித்திருந்தேன். முன்தொடை மட்டும் தளர்ந்தே கிடந்தது. சில்லு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பெண் அவசரப்படவில்லை. முழங்காலுக்கு மேலே உட்புறத்தில் தசை மேடாக இருக்க வேண்டிய இடம் பள்ளமாகக் கிடந்தது. அந்த இடத்தில் இரண்டு விரல்களால் மெல்லத் தட்டினார். “கண்ணை மூடாதீர்கள். இங்கே, என் விரலுக்குக் கீழேயே பாருங்கள். மூச்சை விட்டுக்கொண்டே அழுத்துங்கள்.” பல முறை ஒன்றும் இல்லை. பிறகு தோலுக்கு அடியில் ஏதோ ஓடியதுபோல் ஒரு சின்னத் துடிப்பு. சுருக்கம் என்று சொல்லவே முடியாத அளவு. “வந்துவிட்டது டீச்சர்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் அப்படி ஆனது என்று அவர் விளக்கினார். மூட்டுக்குள் வீக்கம் இருந்தால், அங்கிருந்து போகும் செய்தியைக் கேட்டுத் தண்டுவடம் முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை அடக்கிவிடுகிறது. காயம்பட்ட மூட்டைக் காக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. கொஞ்சம் நீர் கோத்திருந்தாலே போதும், வலிகூடத் தேவையில்லை. அதோடு வாரக்கணக்கில் பயன்படாததால் மூளையிலிருந்து வரும் தூண்டுதலும் குறைந்திருக்கும். அதனால்தான் பயிற்சிக்கு முன்பு துணி சுற்றிய பனிக்கட்டியை முழங்காலில் வைத்து வீக்கத்தைக் குறைத்தார். மெல்லிய மின்தூண்டல் கொடுத்துத் தசையைச் சுருங்க வைத்து, அந்தச் சுருக்கத்தோடு சேர்ந்து நானும் இறுக்கப் பழக்கினார். மின்சாரம் இழுக்கும்போது நாம் சும்மா படுத்திருந்தால் பயன் குறைவு. நாமும் கூடவே இழுக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தசையின் அளவைவிட அதன் பலம் வேகமாகக் குறைகிறது. நம் வீடுகளில் எல்லோரும் கண்ணால் பார்த்து, “அப்படி ஒன்றும் இளைக்கவில்லையே” என்பார்கள். வீக்கமும் கொழுப்பும் சேர்ந்து தொடையைப் பருமனாகக் காட்டும். நாடா வைத்து அளந்தாலும் அது பலத்தைச் சொல்லாது. மீந்திருக்கும் தசை இழைகூட, அதன் தடிமனுக்கு உரிய இழுவிசையைத் தருவதில்லை. சுருங்கும் புரதங்கள் குறைந்து போயிருக்கின்றன, கால்சியம் கையாளப்படுவதும் மாறியிருக்கிறது. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் விறைப்பு குறைந்து போவதால், உண்டான இழுவிசை எலும்புக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. கால் தடுக்கும்போது நம்மைக் காப்பது பெரிய பலம் அல்ல, சட்டென்று வரும் பலம். அந்தச் சட்டென்பதுதான் முதலில் போகிறது. கட்டு பிரித்த புதிதில் மறுபடி விழுவதற்கான வாய்ப்பு அதிகம் என்பதை வீட்டில் உள்ளவர்கள் மறக்கக் கூடாது. குளியலறைத் தரையில் ஈரம் இருக்க விடாதீர்கள், மிதியடிகளை எடுத்துவிடுங்கள்.

உத்தரவு போகும் பாதையைக் கட்டுக்குள் இருக்கும்போதே உயிர்ப்போடு வைத்திருக்க முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. நலமாக இருந்தவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் கட்டி வைத்தார்கள். ஒரு பகுதியினர் மட்டும் கையை அசைக்காமலே, முழுப் பலத்தோடு தசையை இறுக்குவதாக மனத்தில் நினைத்துப் பயிற்சி செய்தார்கள். கடைசியில் அவர்கள் இழந்த பலம், சும்மா இருந்தவர்கள் இழந்ததில் ஏறத்தாழ பாதிதான். தசை துளியும் வேலை செய்யவில்லை, நினைப்பு மட்டும் வேலை செய்தது. அதேபோல் ஒரு காலுக்குக் கட்டுப் போட்டிருக்கும்போது மற்றக் காலுக்குப் பயிற்சி கொடுத்தால் அதன் பலன் ஓரளவு கட்டுப் போட்ட காலுக்கும் சேருகிறது என்பதும் அறியப்பட்ட விஷயம். இரண்டுக்கும் செலவு இல்லை.

ஆகவே கட்டோடு இருப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு செய்யக்கூடியவை பல. கட்டுக்குள்ளேயே முன்தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுவது. இதில் மூட்டு அசைவதில்லை, நீளம் மாறாமல் தசை மட்டும் சுருங்குகிறது. வெளியே தெரியும் கால் விரல்களை மடக்கி நீட்டுவது. மறு காலின் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, அந்தக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குவது, கைகளால் கட்டிலை அழுத்தி உடலை உயர்த்துவது. எல்லா முறிவுக்கும் எல்லாமும் பொருந்தாது. முழங்கால் சில்லே உடைந்திருந்தாலோ, தசைநாண் அறுந்து தைத்திருந்தாலோ முன்தொடையை இழுப்பது கெடுதலாகலாம். அதனால்தான் கேட்டுச் செய்யச் சொல்கிறேன்.

துடிப்பு வந்த பிறகு வேலை வேகமாக நடந்தது, ஆனால் வரிசையாக நடக்கவில்லை. படுத்தபடி காலை நேராகத் தூக்கினால் முழங்கால் கடைசிக் கொஞ்சம் நிமிராமல் மடங்கியே நின்றது. தூக்கிய கால் நடுங்கியது. நடுக்கத்தைப் பார்த்து வீட்டில் பயந்தார்கள். இழுக்கக் கிடைத்திருக்கும் இழைக் கூட்டங்கள் குறைவாக இருக்கும்போது, அவை ஒன்றுக்கொன்று இசைவில்லாமல் சுருங்குவதால் வரும் நடுக்கம் அது, ஆபத்து இல்லை. சீக்கிரம் அசந்து போவதும் இருந்தது. வேலையில்லாத தசையில், நெடுநேரம் தாங்கும் மெதுவான இழைகள் வேகமான, சீக்கிரம் களைக்கும் இழைகளின் தன்மைக்கு மாறுகின்றன. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களும் குறைகின்றன. அதனால் ஒரேயடியாக அரை மணி நேரம் பயிற்சி செய்வதைவிட, நாளில் பல வேளைகளாகப் பிரித்துச் செய்தது எனக்குக் கைகொடுத்தது. சோறு வெந்துகொண்டிருக்கும்போது கொஞ்சம், விடைத்தாள் திருத்தும் நடுவில் கொஞ்சம்.

கெண்டைக்கால் தந்த தொல்லை வேறு வகை. கட்டுக்குள் பாதம் சற்றுக் கீழ்நோக்கி இருந்ததால் கெண்டைக்கால் தசை குறுகிய நிலையிலேயே கிடந்தது. அப்படிக் கிடக்கும் தசை, நீளவாக்கில் அடுக்கியிருக்கும் சார்கோமியர் என்னும் அலகுகளையே குறைத்துக்கொண்டு குட்டையாகிவிடுகிறது. பாதத்தைத் தரையில் வைத்தால் குதிகால் முழுதாகப் படியவில்லை. சுவரில் கை ஊன்றி, நோவுக் காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தி நிற்கும் நீட்டலை நிதானமாக, தினமும் செய்துதான் அது சரியானது. அவசரப்பட்டு எம்பி எம்பி இழுக்கக் கூடாது. கெண்டைக்கால் தசைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது சுருங்கும் ஒவ்வொரு முறையும் காலின் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது சும்மா கிடந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு தோன்றினாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, எண்ணெய் தேய்த்துப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்தக் காலை நீவியே விடக் கூடாது.

சாப்பாட்டு விஷயத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. நம் ஊரில் எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப். எனக்கும் தவறாமல் வந்தது, ருசியாகவும் இருந்தது. ஆனால் அதில் இருக்கும் புரதம் பெரும்பாலும் கொலாஜன். ட்ரிப்டோஃபேன் என்ற அவசியமான அமினோ அமிலம் அதில் கிடையாது. தசை கட்ட அது மட்டும் போதாது. படுத்திருப்பவருக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் கொடுக்கும் வழக்கம் அதைவிடப் பாதகம். நோயுற்ற முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் வேண்டும் என்று நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். 50 கிலோ எடை உள்ளவருக்கு அது 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். இட்லியும் தண்ணீர்ச் சாம்பாரும் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கடலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. துறைமுகத்து மத்தியும் நெத்திலியும் விலை குறைந்த, தரமான புரதம். மீன் சாப்பிடாதவர்கள் பால், தயிர், பன்னீர், சுண்டல், கெட்டிப் பருப்பு என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சேர்க்கலாம். இரவில் மொத்தமாகச் சாப்பிடுவதைவிட ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் இருப்பது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. பயிற்சி இல்லாமல் புரதம் மட்டும் தின்பதும் தசையைக் கொண்டுவராது.

என் கால் தேறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாமியாருக்கு நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எழுபதைத் தாண்டியவர். முறிவு எதுவும் இல்லாததால் யாரும் அவர் கால்களைப் பற்றி யோசிக்கவில்லை. எனக்குத்தான் பயம். 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத் தசை போயிற்று, முழங்காலை நீட்டும் பலம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. அவர்களுக்கு நோயே இல்லை. காய்ச்சலும் கிருமித் தொற்றும் சேர்ந்தால் சிதைவு இன்னும் வேகம் பிடிக்கும். முதியவர்களின் தசை, உணவுக்கும் பயிற்சிக்கும் இளையவர்களைப்போல் உடனே பதில் தருவதும் இல்லை. காய்ச்சல் குணமாகி, நடக்க முடியாமல் வீட்டுக்கு வந்து, பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று எத்தனை பாட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோம்.

மருத்துவரிடம் கேட்டேன். ஆக்ஸிஜன் அளவு நிலைத்ததும் உட்கார வைக்கலாம் என்றார். அன்றிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு நாற்காலியில். படுக்கையிலேயே மலசலம் கழிக்க வைப்பது உடன் இருப்பவருக்கு வசதி, படுத்திருப்பவருக்கு இழப்பு. சலைன் தாங்கியைத் தள்ளிக்கொண்டு கழிப்பறைக்கு நடத்தியே கூட்டிப் போனோம். “ஏம்மா, படுக்க விடமாட்டாயா என்னை?” என்று கேட்டார். “பத்து முறை எழுந்து உட்காருங்கள் அத்தை, பிறகு நானே போர்வை போர்த்திவிடுகிறேன்” என்பேன். நாற்காலியில் தலையணை ஒன்றை வைத்து உயரமாக்கினால் எழுவது சுலபம். பலம் வர வர அந்தத் தலையணையை எடுத்துவிடலாம். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது சாதாரணமாகத் தோன்றும். முன்தொடை, பிட்டம், கெண்டைக்கால் மூன்றும் உடலின் எடை முழுவதையும் தாங்கிச் சுருங்கும் பயிற்சி அதைவிட எளிதாக வேறு கிடையாது. வீடு திரும்பியபோது அவர் வாசல் திண்ணை வரை தானாக நடந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான், ஆனாலும் நடந்தார்.

என் விஷயத்தில் கடைசிவரை மிரட்டியது படி இறங்குவது. ஏறுவதுதான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறோம். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கிக் குட்டையாகி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது மேல்படியில் நிற்கும் காலின் அதே தசை, சுருங்க முயன்றபடியே நீண்டுகொடுத்து, உடல் பொத்தென்று விழாமல் பிடித்து நிறுத்துகிறது. இந்த வகைச் சுருக்கத்தில் மூச்சு வாங்காது. ஆனால் இழையின் மேல் விழும் இழுவை அதிகம், மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை வலி பின்னியெடுக்கும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுக் கால் முதலில் என்று சொல்லித் தருவதன் காரணம் இதுதான்: தூக்குகிற வேலையும் தாங்குகிற வேலையும் நல்ல காலுக்கே போகும். பலம் வந்த பிறகு இந்த வரிசையை வேண்டுமென்றே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நோவுக் காலுக்கு வேலையே கிடைக்காது. கைத்தடியை நோவுக் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் அதே பக்கத்தில்தான் பிடிக்கிறார்கள்.

திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படிகள். பரீட்சைக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறும் மலை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறிவிட்டேன். இறங்கும்போது நோவுக் காலை மேல்படியில் நிறுத்தி, நல்ல காலை மெல்ல மெல்ல அடுத்த படிக்கு இறக்கினேன். கீழே கொஞ்ச தூரம் இருக்கும்போது தொடை நடுங்கத் தொடங்கியது, அங்கேயே உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுத்தான் மீதியை இறங்கினேன். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் நடப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த மணலில் கால் புதைவதால் கெண்டைக்காலுக்கு வேலை மிக அதிகம், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அலை நனைத்து இறுகிய மணலில் தொடங்குவது நல்லது. அங்கே கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் தாழ்ந்தே விழும். போன வழியிலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும்.

தொலைத்த வேகத்தில் தசை திரும்பி வருவதில்லை. வாரங்களில் போனது மாதங்களில்தான் வருகிறது. நகரப் பேருந்தின் உயரமான முதல் படியில் இடது காலை வைத்து ஏற இப்போது முடிகிறது. இடது காலை மட்டும் ஊன்றி நின்று குதிகாலை உயர்த்துவது வலது காலில் வரும் அளவுக்கு இன்னும் வரவில்லை. அதைத் தினமும் பல் துலக்கும்போது செய்கிறேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கட்டுப் போட்டு அனுப்பினால், கிளம்பும் முன் மருத்துவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். கட்டுக்குள் தசையை இறுக்கலாமா, எந்தத் தசையை இறுக்கக் கூடாது? மற்ற மூட்டுகளை அசைக்கலாமா? காலில் எவ்வளவு எடை வைக்கலாம், எப்போது முதல்? கட்டு பிரிக்கும் வரை காத்திராமல் இயன்முறை சிகிச்சையாளரை இப்போதே பார்க்கலாமா? விரல்கள் நீலம் பூத்தாலோ, மரத்தாலோ, கட்டு இறுக்கினாலோ யாரை அழைப்பது? பதில்களைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அசையாதே என்று சொல்ல ஊரிலிருந்து வரும் சொந்தங்களுக்குக் காட்ட அது வேண்டியிருக்கும்.